பாகவதரும் பரப்பன அக்ரஹாராவும்

எலெக்ட்ரானிக் சிட்டி மெட்ரோ நிலையத்தில் சில்க் போர்டு பக்கம் போகிற ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹொச ரோடு. அங்கே இறங்கிக் கிழக்கே போனால் பரப்பன அக்ரஹாரா மத்திய சிறை. இந்தப் பக்கம் வேலை பார்க்கிற எங்களுக்கு அது பேருந்துப் பலகையில் வரும் இன்னொரு ஊர்ப்பெயர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. "பெங்களூர்ல எந்த ஏரியாப்பா?" என்று சித்தப்பா கேட்டால், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. "ஜெயலலிதாவ வெச்சிருந்தாங்களே, அந்த ஜெயிலுக்குப் பக்கம்" என்றால் போதும். 2014 செப்டம்பர் 27 முதல் மூன்று வாரம் அவர் அங்கே இருந்தார். முதலமைச்சராக இருந்த ஒருவர், அதற்கு முன்னால் வெள்ளித்திரையில் இருந்த ஒருவர்.

1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் முனைப்பில், இங்கே 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டை அமைத்தபோது சுற்றிலும் கேழ்வரகுக் கொல்லைகள்தான். பிற்பாடு, நகரின் நடுவில் இருந்த பழைய சிறையையும் இந்தத் திசைக்கே கொண்டுவந்தார்கள். பழைய இடம் இன்று ஃப்ரீடம் பார்க். ஊருக்கு வெளியே கிடக்கட்டும் என்று நகரம் ஒதுக்கி வைத்த இரண்டும் இன்று ஊருக்கு நடுவே இருக்கின்றன.

2024 ஜூனில் அந்தச் சிறைக்கு இன்னொரு நடிகர் வந்தார். கன்னடத்தின் பெரிய நட்சத்திரம் தர்ஷன், ஒரு கொலை வழக்கில் கைது செய்யப்பட்டு அங்கே அடைக்கப்பட்டார். ஆகஸ்டில், சிறை வளாகத்தில் நாற்காலி போட்டு, கையில் சிகரெட்டோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. உடனே பல்லாரிச் சிறைக்கு மாற்றினார்கள். உயர் நீதிமன்றம் தந்த ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய, மறுபடி உள்ளே போனார். அவர் குற்றம் செய்தவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை; சொல்வது என் வேலையும் இல்லை. என்னை இழுத்துப் பிடித்தது வேறு ஒன்று. 2025 டிசம்பரில் அவருடைய 'தி டெவில்' படம் திரைக்கு வந்தபோது கதாநாயகன் சிறையில் இருந்தார். எங்கள் கேப் ஓட்டுநர், தர்ஷனை 'டி பாஸ்' என்று கொண்டாடும் ரசிகர். முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, "ஆள் வெளிய இல்லன்னா என்ன சார், ஸ்கிரீன்ல இருக்காரே" என்றார்.

இதைக் கேட்டதும் தமிழனுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் வீட்டில் இருக்கும் தாத்தாவைக் கேட்கவும்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது அடுத்த தீபாவளியையும் பார்த்தது, அதற்கடுத்த தீபாவளியையும் பார்த்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்வார்கள். அந்த மூன்றில் இரண்டு தீபாவளிக்குப் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார். திரையில் சாருகேசி ராகத்தில் ஜொலித்துக்கொண்டிருந்த மனிதர், நிஜத்தில் கைதி எண்ணோடு களி தின்றுகொண்டிருந்தார். டிக்கெட் வாங்கிய ஜனத்துக்கு அது தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள்.

மாயவரத்தில் 1910 மார்ச் 1 அன்று பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர் பாகவதர். பாட்டுப் பைத்தியத்தில் சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடியவர். ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர், தம் நாடகக் குழுவில் லோகிதாசன் வேடம் கொடுத்து அவரை மேடையேற்றினார். 1934-இல் கே. சுப்ரமண்யம் இயக்கத்தில் 'பவளக்கொடி'. அதில் பாட்டுகள் ஏறக்குறைய 50. அந்தக் காலத்தில் நடிப்பவர்தான் பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட வேண்டும். வெயில் வெளிச்சத்தில், திறந்தவெளியில் படப்பிடிப்பு. வாத்தியக்காரர்கள் கேமராவுக்குப் படாத இடத்தில் மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். நாயகன் நகர்ந்தால் ஆர்மோனியமும் நகர வேண்டும். காக்கை கரைந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் காக்கை விரட்டவே தனியாக ஆள் வைத்தார்கள். மூச்சு, முகம், குரல் மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் சரியாக வந்தால்தான் அந்தத் துண்டு ஃபிலிம் தேறும்.

அப்படித் தேறிய ஆட்கள் சிலரே. அவர்களில் முதல்வர் பாகவதர். 1937-இல் 'சிந்தாமணி', அதே ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி', பிறகு 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி'. தோள் வரை புரளும் அவர் தலைமுடிக்குப் 'பாகவதர் கிராப்' என்று பெயர் வந்து, சலூன்களில் அந்தப் பெயரைச் சொல்லியே வெட்டிக்கொண்டார்கள். தங்கத்தட்டில் சாப்பிட்டார் என்பார்கள். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை பற்றி அப்படி ஒரு கதை பிறப்பதில் ஆச்சரியமில்லை.

இதற்கு நடுவில்தான் சி.என். லட்சுமிகாந்தன் வருகிறார். 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை. நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையாவது அச்சடிப்பது, அச்சடிக்காமலிருக்கப் பணம் வாங்குவது, இதுதான் தொழில். போர்க்காலம், காகிதம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது, பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் அசரவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்து, அதே சரக்கை அதில் ஏற்றினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பர் வாக்கில் மூன்று பெரிய மனிதர்களும் கைதானார்கள். 1945 மே மாதத் தொடக்கத்தில் பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹேப்பலும் ஷகாபுதீனும் இருவரையும் விடுவித்தார்கள். கலைவாணருக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ். லட்சுமிகாந்தனைக் குத்தச் சொன்னது யார் என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

பாகவதருக்குத் தண்டனை வந்த அந்த 1945 வாரங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஒஸ்வால்டோ வாலென்டி என்றொரு நடிகர். முசோலினி காலத்து சினிமாவில் வில்லத்தனமான மிடுக்குக்குப் பேர்போனவர். கோகெய்ன் பழக்கம் பற்றி ஊரே பேசியது. போரின் கடைசிக் கட்டத்தில் பாசிச அரசின் கடற்படைப் பிரிவொன்றில் சேர்ந்தார். மிலான் நகரில் கைதிகளைச் சித்திரவதை செய்த கும்பலோடு நட்பும் வைத்திருந்தார். 1945 ஏப்ரல் 30 அன்று, எதிர்ப்புப் படையினர் அவரையும் அவருடைய துணைவி நடிகை லூயிசா பெரிதாவையும் மிலானின் ஒரு தெருவில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பெரிதா அப்போது கர்ப்பிணி. அவரே சித்திரவதையில் ஈடுபட்டார் என்ற பழி பின்னாளில் விசாரணையில் நிற்கவில்லை. பாகவதருக்குச் சென்னையில் ஜூரி தீர்ப்புச் சொன்னது அதற்குச் சில நாட்களில். நம் ஊரில் நியாயம் தாமதமாக வந்தது என்று புலம்புகிறோம். மிலானில் தாமதமே இல்லை, மேல்முறையீடும் இல்லை.

திரும்பிப் பாகவதரிடம் வருவோம். பொதுவாகச் சொல்லப்படும் கதை இது: சிறை அவரை முடித்துவிட்டது, வெளியே வந்தபோது மனம் ஒடிந்திருந்தார், ராசி போய்விட்டது. நான் இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். காரணம், அதே வழக்கில், அதே காலம், அதே தண்டனையோடு உள்ளே இருந்து அதே நாளில் விடுதலையான இன்னொருவர் இருக்கிறார். என்.எஸ். கிருஷ்ணன் வெளியே வந்து 1949-இல் 'நல்லதம்பி' எடுத்தார், அண்ணா வசனத்தில். 1951-இல் 'மணமகள்' இயக்கினார். மறுபடி கொடிகட்டிப் பறந்தார். ஜெயில் ராசியைக் கெடுக்கும் என்றால் இவர் ராசி ஏன் கெடவில்லை?

கிருஷ்ணனின் மூலதனம் பேச்சு. அவர் வெளியே வந்த காலமோ பேச்சின் காலம். 1949-இல் 'வேலைக்காரி', 1952-இல் 'பராசக்தி'. வசனப் புத்தகம் அச்சாகிப் பாட்டுப் புத்தகத்தைவிட வேகமாக விற்ற காலம். பாகவதரின் மூலதனம் குரல். அவர் உள்ளே இருந்த ஏறக்குறைய இரண்டரை ஆண்டில் ஸ்டூடியோக்களில் ஒரு சத்தமில்லாத மாற்றம் நடந்து முடிந்திருந்தது. பாடத் தெரிந்தவர் நடிக்க வேண்டியதில்லை. நடிப்பவர் பாட வேண்டியதில்லை. 1947-இல் வந்த ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டைத் திரைக்குப் பின்னால் பாடியவர் டி.கே. பட்டம்மாள், வாயசைத்தது வேறொருவர். பாகவதர் சொந்தமாகத் தயாரித்து, மீண்டு வரப்போகிற படம் என்று நம்பிய 'ராஜமுக்தி' 1948-இல் வந்தது. அதிலேயே நாயகி வி.என். ஜானகிக்குக் குரல் கொடுத்தது எம்.எல். வசந்தகுமாரி. பாகவதர் எதிரே நின்று ஜானகியோடு காதல் காட்சியில் நடிக்கிறார். பாட்டில் அவருக்குப் பதில் சொல்வது அங்கே இல்லாத ஒரு பெண். தம் சொந்தப் படத்திலேயே தம் தொழில் காலாவதியாகிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதே படத்தில் எம்.ஜி.ஆர். என்றொரு நடிகரும் இருந்தார். அவருக்குப் பாடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இனி இல்லை.

பிறகு 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் 1952-இல். 'பராசக்தி' வந்த ஆண்டு. 1954-இல் எஸ். பாலச்சந்தர் 'அந்த நாள்' எடுத்தார். ஒரு பாட்டுகூடக் கிடையாது. இருபதே ஆண்டில் 50 பாட்டிலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது தமிழ் சினிமா. 1957-இல் பாகவதர் தாமே இயக்கி 'புது வாழ்வு' எடுத்தார். தலைப்பைப் போட்டவருக்கு ஆசை விடவில்லை என்பது தெரிகிறது. நீரிழிவு முற்றி, 1959 நவம்பர் 1 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தபோது வயது 49. கடைசிப் படம் 'சிவகாமி' அவர் இறந்த மறு ஆண்டு வெளியானது. அதாவது, கடைசிவரை ஒரு படம் கையில் இருந்தது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஓசூர் போய்ச் சேரும்வரை முக்கால்வாசிப் பேர் போனில்தான் இருப்பார்கள். அத்திப்பள்ளி டோலில் வண்டி ஊர்ந்தபோது பக்கத்து சீட்டு அக்கா பார்த்த வீடியோவை நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் பாகவதர் படம், கன்னத்தில் கம்ப்யூட்டரில் வரைந்த நீலக் கண்ணீர், ஒரு சிவப்பு அம்புக்குறி, 'கோயில் வாசலில் பிச்சை எடுத்த சூப்பர் ஸ்டார்!' என்று மஞ்சள் எழுத்து. கோயிலில் உட்கார்ந்திருந்தவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்து யாரோ காசு போட்டார்கள் என்ற பழைய கதை, எடுக்க எடுக்கப் பெரிதாகி இந்த அளவுக்கு வந்திருக்கிறது. "பாவம்ல சார், எப்படி வாழ்ந்த மனுஷன்" என்றார் அக்கா. அவர் கடைசியாண்டிலும் ஷூட்டிங் போனவர், கச்சேரி பாடியவர் என்றேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார். அது சாவித்திரியின் கடைசி நாட்கள். அதற்கடுத்து சந்திரபாபு வருவார் என்று எனக்குத் தெரியும், வந்தார்.

லட்சுமிகாந்தன் இன்று இருந்தால் கவர்னரிடம் மனு கொடுத்து யாரும் எதையும் நிறுத்த முடியாது. காகிதக் கட்டுப்பாடு இல்லை, உரிமம் இல்லை, ரிக்‌ஷாவில் தெருவில் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு சேனலை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று. 'சினிமா தூது' போய் 'இந்து நேசன்' வந்த அதே உத்திதான். வசூல் முறை மட்டும் மாறிவிட்டது. அவர் எழுதாமலிருக்க நடிகர்களிடம் பணம் வாங்கினார். இவர்களுக்கு எழுதுவதற்கே விளம்பரக்காரன் பணம் தருகிறான். நடிகருக்கு இதில் ஒரு லாபம் உண்டு என்றுகூடச் சொல்லலாம்: மிரட்ட ஆள் வருவதில்லை. பார்ப்பவர்களின் எண்ணிக்கையே மிரட்டல்.

ரசிகரும் மாறியிருக்கிறார். 'ஹரிதாஸ்' பார்க்க வரிசையில் நின்றவர் பாகவதரின் வழக்கைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசினார். பிராட்வேக்கு வந்தது பாட்டுக்காக. இன்று தர்ஷன் ரசிகரும் தர்ஷனை எதிர்ப்பவரும் நாள் முழுக்க, பொதுவெளியில், நீதிபதி வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2016 பிப்ரவரியில் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்த சஞ்சய் தத்துக்கு வேலை குறையவில்லை. இரண்டே ஆண்டில் அவர் வாழ்க்கையே 'சஞ்சு' என்று படமாகி வசூலைக் குவித்தது. சிறை இன்று நட்சத்திரத்தின் முடிவு இல்லை, இடைவேளை. பாகவதர் எண்பது வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் விடுதலையான வாரத்திலேயே ஏதாவது ஓடிடி நிறுவனம் ஒப்பந்தத்தோடு நின்றிருக்கும்.

குரல் விஷயத்தில்தான் பெரிய வேடிக்கை. எங்கள் அலுவலகத்தில் முசிறிப் பக்கத்துத் தம்பி ஒருவன், ஒலி மென்பொருளில் கெட்டிக்காரன். பழைய இசைத்தட்டுப் பதிவில் இருக்கும் இரைச்சலையும் வாத்தியத்தையும் உரித்துவிட்டுக் குரலை மட்டும் தனியே எடுக்கும் நிரல் இப்போது யாருக்கும் கிடைக்கிறது. மதிய சாப்பாட்டு நேரத்தில் நீலாத்ரி ரோட்டு மெஸ்ஸில் உட்கார்ந்து, 'ஹரிதாஸ்' பாட்டொன்றை அப்படி உரித்து எனக்குக் காதில் மாட்டிவிட்டான். மிருதங்கம் போயிற்று, பிடில் போயிற்று, அரிசி பொரிவது போன்ற தட்டுச் சத்தம் போயிற்று. உச்ச ஸ்தாயியில் நிற்கும் இடத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. தியேட்டரில் யாருக்கும் கேட்டிருக்காது. "அண்ணே, இத வெச்சு ட்ரெயின் பண்ணா எந்தப் பாட்ட வேணா இவர் குரல்ல பாட வைக்கலாம்" என்றான் சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

செய்தவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அன்று ஆளையும் குரலையும் பிரிக்க முடியாது. 1947 வாக்கில் பிரித்தார்கள். இன்று ஆளே வேண்டாம்.

பாகவதர் குரலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று தம்பியிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். சட்டத்தைப் பார்த்தால் அவன் குலுக்கியது சரிதான். ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் காப்புரிமை 60 ஆண்டு. 1944 பதிவுக்கு அது 2004-ஓடு முடிந்தது. பாட்டு வரிகளுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் எழுதிய பாபநாசம் சிவன் காலமானது 1973-இல். எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2033 முடியும்வரை அது செல்லும். குரலின் சொந்தக்காரருக்கு அந்தக் காவலும் இல்லை. பெயருக்காவது உண்டா என்றால், 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் சேர்த்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நீலக் கண்ணீர் வரைந்த சேனல்காரர் மேல் அந்த உரிமைகளைச் சொல்லிப் பாகவதர் வீட்டார் வழக்குப் போட வழியில்லை; தம்பி இன்றிரவு உட்கார்ந்து பாகவதரை ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பாட வைத்தாலும், பாபநாசம் சிவன் வரியைத் தொடாத வரையில், அவனைத் தடுக்கவும் ஆளில்லை.